சும்மா இருந்தால் அறுந்துபோகும் லைன்

என்னோடு முன்பு வேலை செய்த வதனி இப்போது கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறாள். என்னுடைய போனைக் காட்டுவதற்காக அங்கே போயிருந்தேன். வேலை பழகும் இரண்டு பிள்ளைகளுக்கு அவள் எங்களுடைய பழைய கடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்குப் பேச வந்த சனத்தை, பேசாமல் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், ஏதாவது சத்தம் போடுங்கள் என்று நாங்கள் கெஞ்சிய கதை. பிள்ளைகள் நம்பவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் லைன் ஏன் அறுகிறது என்று சிரித்தார்கள். வதனி என்னைக் காட்டி, "நம்பாட்டி அக்காவைக் கேளுங்கோ. பூத்துகளுக்குப் பொறுப்பாய் இருந்தவா அவாதான்" என்றாள். எனக்கு நாலு பேருக்கு முன்னால் வாய் வராது. அன்றைக்கும் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது ஒரு வசதி.

சண்டை நின்று சமாதானம் வந்து, மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊர் பார்க்க வரத் தொடங்கிய காலத்தில் அந்தக் கடை வந்தது. கூரையில் பெரிய வெள்ளை டிஷ் ஒன்று வைத்திருந்தார்கள். சனம் அதைச் சட்டி என்றுதான் சொல்லும். சட்டிக் கடை என்றால் எவரும் வழி காட்டுவார்கள். எங்கள் பக்கத்துக்கு அப்போது சாதாரண தொலைபேசி லைன் இன்னும் ஒழுங்காக வரவில்லை. நாங்கள் கொடுத்தது இன்ரநெற் வழியாகப் போகும் அழைப்பு. கண்ணாடிக் கதவு போட்ட மூன்று பூத்துகள், சுவரோரம் ஐந்து கொம்பியூட்டர்கள், நடுவில் காத்திருப்பவர்களுக்குக் கதிரைகள். அவ்வளவுதான் கடை.

என் மனுசன் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கூட்டித் துடைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். சேர்ந்து சில மாதத்துக்குள், கூட்டித் துடைத்த நேரம் போக, ஆட்களைப் பூத்துக்குள் இருத்தி, ஹெட்போனை மாட்டிவிட்டு, நம்பரை அடித்துக் கொடுக்கும் வேலையும் என்னிடம் வந்துவிட்டது. வயதானவர்கள் வதனியைக் கண்டு பயந்தார்கள். அவள் வேகமாகப் பேசுவாள். என்னைக் கண்டு யாரும் பயந்ததில்லை.

கடைக்குப் பொறுப்பு குணநாயகம் சேர். முன்பு தொலைபேசி எக்சேஞ்சில் வேலை செய்தவர், மெலிந்த மனுசன், சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஒரு பிழை வந்தால் முதலில் கைமணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைப்பார். அவசரம் காட்டக்கூடாது என்று தனக்குத்தானே சொல்வது போல இருக்கும் அது. பிறகு ஒரு பொருளை மட்டும் தொடுவார். மாற்றிப் பார்ப்பார். சரிவராவிட்டால் முன்பு இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். வதனி ஒருநாள் இரண்டு வயர்களை ஒன்றாகக் கழற்றிவிட்டாள். "இப்ப பிழை எதில எண்டு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வயருக்கும் தெரியாது" என்றார். அதற்கு மேல் ஏசவில்லை. எங்களிடம் கேட்கும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க மாட்டார். என்ன கண்டீர்கள் என்றுதான் கேட்பார்.

அவர் எனக்கு முதலில் பழக்கிய முறை, பேசும் முறை. எங்கள் குரல் சட்டியிலிருந்து வானத்துக்குப் போய்த் திரும்பி இறங்கித்தான் மற்றப் பக்கம் சேரும். அதனால் ஒரு சுணக்கம் இருக்கும். இங்கே ஒருவர் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்டுவிட்டு, பதில் வரவில்லை என்று திரும்பக் கேட்பார். அதே நேரம் அந்தப் பதில் வந்து சேரும். இரண்டு குரலும் மோதிக்கொள்ளும். ஆகவே அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்காமல் கேளுங்கள், முடித்த பிறகு நீங்கள் பேசுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி இருத்த வேண்டும். நானும் சொல்லி இருத்தினேன். சனமும் நல்ல பிள்ளைகளாகக் கேட்டது.

முதல் பெரிய பிழை கடை திறந்த கொஞ்ச நாளிலேயே வந்தது. மணி அடிக்கும், அந்தப் பக்கம் எடுப்பார்கள், நாங்கள் சொல்வது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் சொல்வது எங்களுக்குக் கேட்காது. இங்கே ஒரு தாய் ஹலோ, ஹலோ என்று அழுவாள். அங்கே மகன் அம்மா கேட்குது, கேட்குது என்று கத்திக்கொண்டிருந்திருப்பான். சேர் மணிக்கூட்டைக் கழற்றினார். அன்று பின்னேரம் பிழையைப் பிடித்துச் சரிசெய்த பிறகு, என்னையும் வதனியையும் கூப்பிட்டு, சீமெந்து நிலத்தில் சோக்கால் ஒரு வளவு கீறினார். சுற்றி வேலி. வேலியில் போகவும் வரவும் நிறையப் படலைகள். வேலிக்கு ஒரு காவல்காரன்.

"இதுதான் பயர்வோல்" என்றார். "கண்டவனும் உள்ளுக்கு வராமல் மறிக்கிற பெட்டி. இவனுக்கு ஒரு கட்டளைதான். உள்ளுக்கிருந்து போன ஆளுக்கு மறுமொழி வந்தா விடு. தானாய் வந்து தட்டுறவனை விடாதை."

மணி அடிக்கும் செய்தி ஒரு படலையால் போய் வருகிறது. குரல் அதே படலையால் வருவதில்லை. குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, வேறு படலைகளால் அனுப்புகிறார்கள். பூத்துப் போன்களை இன்ரநெற்றோடு இணைக்கும் எங்கள் போன் பெட்டி அந்தப் பக்கத்துக்குத் தன் விலாசத்தைக் கொடுக்கும்போது வளவுக்குள்ளே இருக்கும் விலாசத்தைக் கொடுத்திருக்கிறது. "கடிதத்தில அனுப்பினவர் விலாசம் குசினிக்குப் பக்கத்து அறை எண்டு எழுதினா, மறுமொழி எங்க வாறது?" என்று கேட்டார். வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். சேர் போன் பெட்டியில் வெளி விலாசத்தைப் போட்டார். குரல் வரும் படலைகளில் ஒரு வரிசையை, அழைப்புகளைக் கொண்டுபோகும் கொம்பனிக்கு மட்டும், கதை நடக்கும் நேரம் மட்டும், திறக்கச் சொல்லிக் காவல்காரனுக்குக் கட்டளை வைத்தார். அதன் பிறகு இரண்டு பக்கமும் கேட்டது. எனக்கு அந்தச் சோக் வளவைத் துடைக்க மனம் வரவில்லை. சனம் மிதித்து மிதித்துத்தான் அழிந்தது.

இப்போது கஷ்டமான கதைக்கு வருகிறேன்.

கடை நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் அழைப்புகள் இடையில் அறத் தொடங்கின. எல்லாம் இல்லை. சிலது மட்டும். ஒரே பூத்தில் ஒருவருக்கு அறும், அடுத்தவருக்கு அறாது. சனம் மழையைச் சொன்னது. சட்டியில் காகம் இருக்கிறது என்று ஒருவர் கல்லெறியப் போனார். மற்றவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். தங்கமக்கா என்று உருத்திரபுரத்திலிருந்து ஒரு அம்மா வருவா. மகன் கனடாவில். அவவுக்கு மட்டும் ஒருநாளும் அறாது. மகன் பேசும்போதும் பேசுவா, பேசாதபோதும் பேசுவா, ஹெட்போனைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் பேசுவா. அவ உள்ளே போய் இருந்த கதிரைக்குச் சனம் போட்டி போட்டது, ராசியான பூத் என்று. "பூத்தில ராசி இல்லை, என்ர வாயிலதான்" என்பா. அப்போது அது எங்களுக்குப் பகிடியாகத்தான் இருந்தது.

இந்த அறுதலால் அதிகம் நொந்தவர் சாகுல் நானா. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் மனுசன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடம் இருந்துவிட்டு, பாதை திறந்ததும் மனைவி பாத்துமாவோடு திரும்பி வந்து, இடிந்த வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு, புடவை வியாபாரத்தைத் திரும்பத் தொடங்கியிருந்தார். ஒரே மகள் சரீனா, லண்டனில் சிறிய தகப்பனாரின் குடும்பத்தோடு. ஒவ்வொரு கிழமையும் பஸ் ஏறி, பரந்தனில் மாறி, எங்கள் கடைக்கு வருவார். நான் சொன்ன முறையை அச்சொட்டாகக் கேட்கும் மனுசன். மகள் சொல்லி முடிக்கும்வரை மூச்சுக் காட்ட மாட்டார். மகள் நீளமாகக் கதை சொல்லும் பிள்ளை. அவள் கதை நடுவில் இருக்கும்போதே லைன் போய்விடும். இரண்டு மூன்று கிழமை இப்படி நடந்ததும், மகள் கோபத்தில் வைக்கிறாள் என்று அவர் நினைத்தார். வாப்பாவுக்குத் தன் கதை கேட்கப் பிடிக்கவில்லை என்று மகள் நினைத்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. நாள் குறித்தாயிற்று. அவர்கள் இருவருக்கும் லண்டன் விசா கிடைக்கவில்லை.

"நிக்காஹ்வில பெண்ட வாப்பாதான் பிள்ளையை எடுத்துக் குடுக்கணும் தங்கச்சி" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "அங்க உள்ள மௌலவி போனில சொல்ல ஒத்துக்கொண்டிட்டார். ஆனா ஒரே இருப்பில நடக்கணுமாம். நான் சொல்லுறதை சாட்சிக்காரர் காதால கேக்கணும், மாப்பிள்ளை உடனே மறுமொழி சொல்லணும். நடுவில அறுந்தா காத்திருக்க மாட்டம், இங்க இருக்கிற உங்கட தம்பியை வச்சு முடிச்சிடுவம் எண்டு சொல்லிப் போட்டார்."

பேரீச்சம்பழப் பெட்டியை என் கையில் தந்தார். பிறகு சொன்னார்: "ஊரை விட்டு வெளிக்கிட்ட நேரம் அவ ஏழு வயசுப் பிள்ளை. வளந்ததெல்லாம் அகதி வீட்டில. அவக்கு நான் குடுத்தது எண்டு ஒண்டுமில்லை. இந்த ஒரு சொல்லை எண்டாலும் நான் குடுக்கணும்."

அவர் சேரிடம் போய்க் கேட்கவில்லை. என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் சேரிடம் போய்ச் சொன்னேன். சேர் கேட்டுவிட்டு, மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் டிஷ்ஷின் வயரை மாற்றினார். அறுந்தது. திரும்ப வைத்தார். பூத்துகளின் போன்களை ஒன்றுக்கொன்று மாற்றினார். அறுந்தது. திரும்ப வைத்தார். மழை இல்லாத நாளில் பார்த்தார். அன்றைக்கும் அறுந்தது. மழை பழியிலிருந்து தப்பியது. பிறகு எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, என்ன கண்டீர்கள் என்று கேட்டார். வதனி சொன்னாள், இளம் ஆட்களுக்குக் குறைவாக அறுகிறது, வயதானவர்களுக்குத்தான் கூட என்று. என் பக்கம் திரும்பினார். நான் கண்டது ஒன்று இருந்தது. ஆனால் அது பிழை திருத்துகிறவருக்குச் சொல்லும் அளவுக்கு ஒரு விஷயமா என்று எனக்குத் தெரியவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். திரும்பச் சொன்னேன்.

"அறுகிற நேரம் எங்கட ஆட்கள் கதைக்கிறேல்லை, சேர். கேட்டுக்கொண்டு இருக்கேக்கதான் அறுகிறது."

சேர் எழும்பினார். பூத்துக்குள் போனார். கொழும்பில் இருந்த கூட்டாளி ஒருவருக்கு எங்கள் லைனிலேயே அழைப்பு எடுத்து, பேப்பரை எடுத்து வைத்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். தான் வாயை மூடிக்கொண்டு இருந்தார். நானும் வதனியும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். சிறிது நேரத்தில் கையை உயர்த்தினார். அறுந்துவிட்டது. திரும்ப எடுத்தார். திரும்ப வாசிக்கச் சொன்னார். இந்தமுறை பென்சிலால் ஹெட்போனின் வாய்ப் பக்கத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டே இருந்தார். கூட்டாளி செய்தி முடித்து, விளையாட்டுப் பக்கம் முடித்து, மரண அறிவித்தலுக்கு வந்துவிட்டார். லைன் அசையவில்லை.

வெளியே வந்து சோக்கைத் தேடினார்.

அன்று சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம். எங்களுக்குக் கிடைத்தது ஒடுங்கிய பாதை. மூன்று பூத்தும் ஐந்து கொம்பியூட்டரும் அதில்தான் நெருக்குப்பட்டுப் போக வேண்டும். அதனால் போன் பெட்டியில் ஒரு சிக்கனம் போட்டு வைத்திருந்தது. ஆள் பேசாத நேரம் துண்டு ஒன்றையும் வெளியே அனுப்பாது. அப்படி வெளியே ஒன்றும் போகாமல் இருந்தால் காவல்காரன் என்ன நினைப்பான்? கொஞ்ச நேரம் பார்ப்பான். உள்ளே இருந்தவர்கள் கதையை முடித்துவிட்டார்கள் என்று படலையைச் சாத்திவிடுவான். அதற்குப் பிறகு வெளியிலிருந்து வரும் குரல் அவனுக்கு யாரோ தானாய் வந்து தட்டுகிறவன். விடமாட்டான். அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருக்கும், இந்தப் பக்கம் ஒன்றும் வராது.

"அப்ப நாங்கள் சனத்துக்குப் படிப்பிச்ச முறைதான்..." என்று வதனி இழுத்தாள்.

"ஓம்" என்றார் சேர். "மரியாதையாய்க் கேட்டவைக்கெல்லாம் அறுந்திருக்கு. தங்கமக்காவுக்கு அறேல்லை."

அன்றிலிருந்துதான் சனத்தைச் சத்தம் போடச் சொல்லிக் கெஞ்சினோம். ஓம் சொல்லுங்கோ, ம் சொல்லுங்கோ, ஒன்றும் வராவிட்டால் செருமுங்கோ. பூத்துகளுக்குள்ளிருந்து நாள் முழுக்க ம், ம் என்று கேட்கும். கடை மாட்டுப்பட்டி போல இருக்கிறது என்று தங்கமக்கா சொன்னா. அறுதல் பாதிக்குமேல் குறைந்துவிட்டது.

சாகுல் நானாவுக்கும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். மகளோடு பேசும்போது ம் சொல்லலாம். நிக்காஹ்வுக்கு முன்னால் மௌலவி குத்பா என்ற நீண்ட உரையை ஓதுவார். "அந்த நேரம் நான் வாய் திறக்க மாட்டன் தங்கச்சி. குத்பா நேரம் நிலத்தில கிடக்கிற சின்னக் கல்லைக்கூடத் தொடக்கூடாதெண்டு படிச்சு வளந்தவன் நான்." அந்தக் குத்பா முடிந்த கையோடுதான் அவர் தன் சொல்லைச் சொல்ல வேண்டும். அதாவது, லைன் அறுவதற்கென்றே சொல்லி வைத்த இடம். அவருக்காக நான் பென்சிலால் தட்டலாமா என்று ஒரு வெள்ளிக்கிழமை தட்டிப் பார்த்தோம். லண்டனில் சரீனா அழைப்பை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். வாப்பா ஏன் கதவு தட்டுகிறீர்கள் என்று கேட்டாள். சாட்சிகள் இருக்கும் சபையில் அப்படித் தட்ட முடியாது.

சேர் முதலில் காவல்காரனை இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கச் சொன்னார். படலையைச் சாத்தும் நேரத்தை நீட்டினார். கொழும்புக் கூட்டாளி மறுபடி பேப்பர் வாசித்தார். அறுந்தது. சேரின் முகம் விழுந்ததை அன்றுதான் நான் கண்டேன். பிறகு கண்டுபிடித்தார், பாதையில் இன்னொரு வேலி இருக்கிறது, இன்னொரு காவல்காரன் நிற்கிறான். டிஷ் லைன் தருகிறவர்களின் பக்கத்தில். அவர்களுக்கு எழுதிப் போட்டார். எல்லாருக்கும் ஒரே நேரம்தான், உங்களுக்காக மாற்ற முடியாது என்று மறுமொழி வந்தது. கல்யாணத்துக்கு ஒரு கிழமைகூட இல்லை.

"அவனை மாத்தேலாது" என்றார் சேர். "அப்ப அவனுக்கு வெளியில ஆள் போய்க்கொண்டே இருக்கிறதாய்க் காட்டவேணும்."

செய்தது இதுதான். மூன்றாம் பூத்தின் சிக்கனத்தை நிறுத்தினார். இனி அந்தப் பூத்தில் ஆள் பேசினாலும் பேசாவிட்டாலும் துண்டுகள் போய்க்கொண்டே இருக்கும். மூச்சு, காற்றாடியின் இரைச்சல், கதிரை அசைவு, எல்லாவற்றையும் வெட்டி அனுப்பும். கூட்டாளி வாசித்தார். அறவில்லை. ஆனால் மற்றப் பூத்துகளும் கொம்பியூட்டர்களும் ஓடத் தொடங்கியதும் பாதை நெருக்குப்பட்டு, குரல் கொத்தி வைத்த கீரை போல வந்தது. ஆகவே அந்த நேரம் கடையில் வேறு ஒன்றும் ஓடக்கூடாது.

கல்யாணம் ஒரு சனிக்கிழமை. லண்டனில் காலை, எங்களுக்குப் பின்னேரம். சனிக்கிழமைப் பின்னேரம் என்றால் கதிரை போதாமல் வெளியே நீள வாங்கு போட்டுச் சனம் இருக்கும். எல்லாருக்கும் அந்தப் பக்கத்தில் லீவு நாள், பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம். நானாவும் பாத்துமாவும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அவர் வெள்ளைச் சாரமும் சேட்டும் தொப்பியும். பாத்துமா புதுச் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டு, யாரையும் பார்க்காமல் இருந்தா. அவவும் என்னைப் போலத்தான் என்று நினைத்தேன்.

சேர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். வதனி கொம்பியூட்டர் பக்கம். நேரம் நெருங்கியதும் சேர் என்னைப் பார்த்து, "சனத்துக்குச் சொல்லுங்கோ" என்றார். நான் வதனியைப் பார்த்தேன். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தாள்.

போய் நடுவில் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்னவோ சொல்கிறாள் என்று முன்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தியதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள் நிறுத்தினார்கள். கடைசியில் கடை முழுக்க அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்குள் சொன்னேன். இந்த மனுசனுடைய மகளுக்கு இப்போது கல்யாணம், அவர் இங்கிருந்து பிள்ளையைக் கொடுக்கப் போகிறார், அது முடியும்வரை வேறு அழைப்பு இல்லை, கொஞ்சம் பொறுங்கள்.

ஒருவர் மட்டும் எழும்பினார். தன் மகன் இந்த நேரத்தில் காத்துக்கொண்டிருப்பான் என்றார்.

"உங்கட மகன் ஒவ்வொரு கிழமையும் பனி கொட்டுது எண்டுதானே சொல்லுறவன்" என்றா தங்கமக்கா. "ஒரு மணித்தியாலத்தில உருகிப் போயிடாது. இருங்கோ."

சனம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டு இருந்தார்.

மூன்றாம் பூத்தின் கதவைத் திறந்து, நானாவை இருத்தி, ஹெட்போனை மாட்டினேன். பாத்துமாவுக்கு இன்னொரு ஹெட்போனைச் சேர் ஏற்கனவே பிரித்து இணைத்திருந்தார். எனக்கும் ஒன்று, பூத் வாசலில். நம்பரை அடித்தேன். சபையின் இரைச்சல் வந்தது, பிறகு மௌலவியின் குரல். சலாம் சொன்னார், நானா மறுமொழி சொன்னார். குத்பா தொடங்கியது.

நானா கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அசையவில்லை. நான் சேரின் பக்கம் பார்த்தேன். பெட்டியில் இரண்டு சின்னப் பச்சை விளக்குகள், ஒன்று வெளியே போவதற்கு, ஒன்று உள்ளே வருவதற்கு. நானா வாயே திறக்கவில்லை. ஆனாலும் வெளியே போகும் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. வழமையாக அறும் நேரம் வந்தது. போனது. அதைப்போல இன்னொரு மடங்கும் போனது. ஓதல் காதுக்குள் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

திடீரென்று குரல் உடைந்தது. ஒரு சொல் வந்தால் அடுத்த சொல் இல்லை. நான் சைகை காட்ட, சேர் வதனிக்குக் கையைத் தூக்கினார். வதனி ஒரு கொம்பியூட்டரைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள். மூலையில் இருந்த ஒன்று, ஆளில்லாமல், தானாகவே எதையோ இறக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்து வயரை ஒரே இழுவையில் கழற்றினாள். குரல் திரும்பவும் முழுசாக வந்தது. நானா கண் திறக்கவும் இல்லை.

குத்பா முடிந்தது. மௌலவி கேட்டார், "சாகுல் நானா, கேக்குதா? சொல்லுங்க."

நானாவிடமிருந்து சத்தம் இல்லை.

மௌலவி திரும்பக் கேட்டார். சபையில் ஒரு முணுமுணுப்பு எழும்பியது. லைன் அறுந்திட்டு போல, தம்பியைக் கூப்பிடுங்க என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. நான் பதறிப்போய்ச் சேரைப் பார்த்தேன். அவர் விளக்குகளைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"லைன் இருக்கு. மனுசன்தான்."

கண்ணாடிக்குள் பார்த்தேன். நானா ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. பாத்துமா கையை நீட்டி அவருடைய முழங்காலில் வைத்தா. அவ்வளவுதான் செய்தா.

"இருக்கிறன்" என்றார் நானா. பிறகு ஒவ்வொரு சொல்லாக, கடை வாசல்வரை கேட்கும்படி சொன்னார். "என் மகள் சரீனாவை, பேசிய மஹருக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

சுணக்கம் இருந்தது. வானத்துக்குப் போய் இறங்க வேண்டும் அல்லவா. அந்தச் சுணக்கத்தில் நான் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு இளம் குரல், ஹெட்போன் மாட்டியிருந்த எங்கள் மூன்று பேருடைய காதுக்குள்ளும்: "ஏற்றுக்கொண்டேன்."

சாட்சிகள் கேட்டோம் என்றார்கள். அங்கே துஆ என்ற வேண்டுதலை ஓதினார்கள். நானா இரண்டு கைகளையும் ஏந்தினார். கண்ணாடிக்கு வெளியே இருந்த சனத்துக்கு மாப்பிள்ளையின் மறுமொழி கேட்கவில்லை, கையை ஏந்தியதைக் கண்டுதான் விளங்கியது. பனிக்காரப் பிள்ளையின் தகப்பன் முதலில் எழும்பிக் கைதட்டினார். பிறகு வாங்கில் இருந்தவர்கள், வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள்கூட. சேர் யாருக்கும் தெரியாமல் சேட்டுக் கையால் நெற்றியைத் துடைத்தார். வதனி என்னைக் கட்டிப்பிடித்தாள். வேலைக்காலம் முழுக்க நான் எத்தனையோ பேரை அந்தப் பூத்துகளில் இருத்தி எழுப்பியிருக்கிறேன். பின்னால் வந்த வருடங்களில் கடையும் போய்விட்டது, சட்டியும் போய்விட்டது, அதையெல்லாம் எழுதும் சக்தி எனக்கு இல்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. அடுத்த மாதம் அகலம் கூடின லைன் கிடைத்ததும் சேர் எல்லாப் பூத்துகளின் சிக்கனத்தையும் நிறுத்திவிட்டார், அதன் பிறகு யாரையும் செருமச் சொல்லத் தேவை வரவில்லை.

துஆ முடிந்ததும் சரீனாவிடம் போனைக் கொடுத்தார்கள். "வாப்பா" என்றாள். நானா "மகள்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பாத்துமாவும் பேசவில்லை. என் காதில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வதனி வந்து, முடிந்துவிட்டதா, அடுத்த ஆளை விடலாமா என்று கையால் கேட்டாள். நான் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு விளக்குகளும் மின்னிக்கொண்டிருந்தன.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். பூத்தின் கதவைச் சாத்தினேன். சனத்தின் பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். இந்தமுறை எல்லாருக்கும் கேட்டது.